டீஃபால்ட் பெருமானுக்கு ஒரு வாழ்த்து மடல்

டீஃபால்ட் பெருமானே, வணங்கி எழுதுகிறேன்.

பாலம் கட்டியவருக்கும் பள்ளிக்கூடம் திறந்தவருக்கும் சால்வை போர்த்தி வாழ்த்து மடல் வாசிக்கிறார்கள். உனக்கு மட்டும் இதுவரை யாரும் வாசித்ததில்லை. வீட்டு மூலையில் விளக்கு மினுங்கும் வைஃபை ரௌட்டரிலும், கிணற்று மோட்டாரைத் தொலைவிலிருந்து ஓட்டும் பெட்டியிலும், வெப்பநிலையை அளந்து அனுப்பும் சிறு சென்சாரிலும் நீ குடியிருக்கிறாய். எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம் என்று கருவியைச் செய்தவர் தீர்மானிக்காமல் விட்ட இடத்திலெல்லாம் நீயே தீர்மானித்திருக்கிறாய். உன் பெருமைகளைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். சொல்லப்போவதில் கற்பனை கலக்கவில்லை. நிரலில் எழுதியிருப்பதும், நடந்து முடிந்ததும் மட்டுமே இதில் உண்டு.

உன் சமநோக்கை முதலில் பாட வேண்டும். 32 ஜிகாபைட் ரேம் உள்ள சர்வரையும் 32 மெகாபைட் ரேம் உள்ள ரௌட்டரையும் நீ ஒரே கண்ணால் பார்த்தாய். நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கிறதே என்று தயங்கவில்லை. ஒருவருக்கு என்ன எண்ணோ அதுவே மற்றவருக்கும்.

எஃப்க்யூ-கோடெல் என்று லினக்ஸ் கெர்னலில் ஒரு க்யூ முறை உண்டு. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வகுத்த கோடெல் முறையின் மேல் எரிக் டுமாசே எழுதியது. 2012இல் 3.5 கெர்னலோடு வந்தது. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை இறக்கும்போது பக்கத்து அறையில் நடக்கும் வீடியோ அழைப்பு திக்காமல் ஓடுகிறதென்றால் அதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதியவர்கள்மேல் எனக்கு மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த க்யூவில் எத்தனை பாக்கெட் வரை காத்திருக்கலாம் என்பதற்கு நீ வைத்த எண் 10,240. 1,500 பைட் பாக்கெட் ஒன்று கெர்னலுக்குள் வந்தால், அதைப் பற்றிய குறிப்புகளையும் சேர்த்து 2 கிலோபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். பெருக்கிப் பார்த்தால் 20 மெகாபைட்டைத் தாண்டுகிறது. பாக்கெட்டை மட்டும் எண்ணினால் போதாது, பைட்டையும் எண்ண வேண்டும் என்று 2016இல் நினைவகத்துக்கும் தனியாக ஓர் உச்சவரம்பு சேர்த்தார்கள். அதற்கும் ஒரு டீஃபால்ட் வேண்டுமல்லவா? 32 மெகாபைட் என்று அருளினாய். அந்தச் சின்ன ரௌட்டரின் மொத்த ரேமே 32 மெகாபைட்தான். கெர்னலுக்கு, வைஃபை டிரைவருக்கு, முகவரி வழங்கும் சேவைக்கு என்று எதையும் கழித்துக்கொள்ளாமல், இருப்பது முழுவதையும் வாசலில் காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கே எழுதி வைத்த வள்ளல் நீ.

பெரும்பாலான நாட்களில் இந்த எண்ணால் ஒரு தொல்லையும் வராது என்பதையும் நேர்மையாகச் சொல்கிறேன். பாக்கெட் விழுந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் டிசிபி போக்குவரத்து மட்டும் ஓடும்வரை க்யூ குட்டையாகவே இருக்கும். சொன்ன பேச்சுக் கேட்காத வெள்ளம் ஒன்று வரும் நாளில்தான் உச்சவரம்பு வேலைக்கு வர வேண்டும். அன்றைக்கு அது வருவதற்கு முன்பே ரேம் தீர்ந்துபோகிறது. புதிதாக வரும் பாக்கெட்டுக்கு இடம் கேட்கும் வைஃபை டிரைவருக்குக் கிடைப்பதில்லை. கெர்னல் யாரைக் கொன்று இடம் பிடிக்கலாம் என்று தேடி, பெரிதாக இருக்கும் ஒரு புரோகிராமைக் கொல்கிறது. அதுவே இணைப்பைத் தாங்கிக்கொண்டிருந்த புரோகிராமாகவும் இருக்கலாம். வீட்டில் இருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. நெட் போய்விட்டது என்பார். சுவிட்சை அணைத்துப் போடுவார். திரும்ப வந்ததும் கம்பெனிக்காரனைத் திட்டுவார். உன்மேல் ஒரு சொல் விழாது.

ரௌட்டர்களுக்கென்றே லினக்ஸைத் தொகுத்துத் தரும் ஓப்பன்வொர்ட் திட்டத்தார் உன் சமநோக்கைப் புரிந்துகொள்ளவில்லை. அவர்கள் ஒரு சிறு பேட்ச் வைத்திருக்கிறார்கள். சிறிய கருவிகளுக்காக அந்த 32 மெகாபைட்டை 4 மெகாபைட்டாக்குவதே அதன் வேலை. 64 பிட் எக்ஸ்86 இயந்திரங்களில் ரேம் தாராளமாக இருக்கும், அவற்றுக்குப் பழைய எண்ணே இருக்கட்டும் என்று பிரித்தும் விட்டார்கள். உள்ளவன், இல்லாதவன் என்று பேதம் பார்த்த இந்தச் சில வரிகள் எத்தனையோ வீடுகளில் ரௌட்டரைப் படுக்கவிடாமல் காத்திருக்கின்றன.

அடுத்து உன் கொடைத்தன்மை. ஜெஃப் பான்விக் 1994இல் சோலாரிஸுக்காக ஸ்லாப் முறையை எழுதினார். ஒரே அளவுள்ள பொருள்களை ஒன்றாக அடுக்கி வைத்தால் கொடுப்பதும் வாங்குவதும் வேகமாகும் என்பது அதன் சாரம். லினக்ஸும் அந்த வழியையே பின்பற்றியது. கெர்னலின் பொது ஒதுக்கியிடம் யார் நினைவகம் கேட்டாலும் 8, 16, 32, 64, 96, 128, 192, 256 என்ற அளவுகளில் ஒன்றாகத்தான் கிடைக்கும். அதற்குமேல் 512, 1,024, 2,048 என்று இரட்டிப்பாகப் போகும். நம் பழைய முகத்தலளவைகளும் இப்படித்தான் ஏறின: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஆனால் உரிக்கு ஒரு பிடி கூடுதலாகக் கேட்டவனுக்கு நம் கடைக்காரர் உரி அளந்து மேலே ஒரு பிடி போட்டார். நீயோ முழு நாழியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறாய். 256 பைட்டில் சரியாக அடங்கியிருந்த ஓர் அமைப்பில் யாராவது நான்கு பைட் எண் ஒன்றைச் சேர்த்தால் 512 தருகிறாய். 2,048இல் அடங்கியிருந்த பாக்கெட் பஃபருக்கு டிரைவர் எழுதியவர் முன்பக்கம் கொஞ்சம் இடம் கூடக் கேட்டால் 4,096 தருகிறாய். கேட்டவருக்குத் தான் இவ்வளவு வாங்கினோம் என்பதே தெரிவதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாது என்பார்கள். இங்கே வாங்கிய கைக்கே தெரியாது.

64 பிட் ஆர்ம் சில்லுகளில் உன் கொடை இன்னும் உயர்ந்தது. எட்டு பைட் கேட்டாலும் பல ஆண்டுகள் 128 பைட்டுக்குக் குறைந்து நீ கொடுத்ததில்லை. காரணமும் மேலானதுதான். டிஎம்ஏ வழியாக ஒரு சாதனம் நேரே நினைவகத்தில் எழுதும்போது, அதே கேஷ் வரியில் வேறொருவரின் தரவு இருந்தால் கெட்டுப்போகலாம். எந்தச் சில்லின் கேஷ் வரி எவ்வளவு நீளம் என்று முன்கூட்டித் தெரியாததால், இருப்பதிலேயே நீளமானதை எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள். கேஷ் வரி 64 பைட்டே உள்ள சில்லுக்கும் 128. டிஎம்ஏ பக்கமே போகாத சிறு எழுத்துத்தொடருக்கும் 128. 2023இல் வந்த 6.5 கெர்னலில்தான் தேவையான இடத்தில் மட்டும் பெரிய அளவும் மற்ற இடங்களில் சிறிய அளவும் கொடுக்க வழி பிறந்தது. அதுவரை எத்தனை கோடி கைபேசிகளும் கேமராப் பெட்டிகளும் உன் கொடையைச் சுமந்து நடந்தன!

தொலைநோக்கிலும் உன்னை மிஞ்ச ஆளில்லை. மேசைக் கணினி லினக்ஸில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டேக் என்று வழக்கமாக 8 மெகாபைட் எழுதி வைக்கிறாய். இது வெறும் முகவரி இடம்தானே, தொட்ட பக்கத்துக்கு மட்டும்தானே ரேம் செலவாகும் என்று உனக்காக வாதாடுவார்கள். அந்த வாதம் சரியானது. ஆனால் நேரம் தவறக்கூடாத வேலை செய்யும் புரோகிராம், நடுவில் பக்கம் தேடி நிற்கக்கூடாது என்பதற்காக, தன் நினைவகம் முழுவதையும் ரேமிலேயே பூட்டச் சொல்லி ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளும். எம்லாக்-ஆல் என்ற அந்த அழைப்பில் இனி வரப்போகும் நினைவகத்தையும் சேர்த்துப் பூட்டச் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு பிறக்கும் ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டேக்கும் முழு 8 மெகாபைட்டோடு ரேமில் வந்து உட்காரும். நான்கு த்ரெட்டுக்கு 32 மெகாபைட். உண்மையில் அந்த த்ரெட்டுகள் சில கிலோபைட்டுகளைத் தாண்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். என்றாவது ஒரு நாள் தேவைப்படுமே என்று நீ எடுத்து வைத்த இடம், இன்று தேவைப்படுபவருக்குக் கிடைக்காமல் போகும். மோட்டாரையோ வால்வையோ கட்டுப்படுத்தும் பெட்டியில் இப்படி நடக்கும்போது, நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்பதற்காக எழுதிய ஒரு வரியே அதை நிறுத்தியும் விடுகிறது.

உன்னைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. சிறிய கருவிகளில் அதிகம் பயன்படும் மஸ்ல் சி நூலகம் த்ரெட் ஸ்டேக்கை முன்பு 80 கிலோபைட்டாக வைத்திருந்தது. பிறகு 128 ஆக்கியது. 8 மெகாபைட் இருக்கும் என்று நம்பி எழுதிய புரோகிராம்களைக் கொண்டுவந்து அதன்மேல் ஏற்றினால், ஆழமாகச் செல்லும் ஒரு ஃபங்ஷனில் அவை சொல்லாமல் விழும். பெரிய எண்ணும் சரி, சின்ன எண்ணும் சரி, இந்தக் கருவியில் இந்த வேலைக்கு எவ்வளவு என்று யாரும் அளக்காதவரை இரண்டும் உன் அருளால் ஓடுவதுதான்.

லினக்ஸே ஏற முடியாத குட்டிச் சில்லுகளில் உன் திருவிளையாடல் வேறு வகை. ரிச்சர்ட் பேரி 2003இல் தொடங்கிய ஃப்ரீஆர்டாஸில் டாஸ்க் ஒன்றை உருவாக்கும்போது ஸ்டேக் அளவைச் சொல்ல வேண்டும். அந்த எண் பைட் கணக்கில் இல்லை, வேர்டு கணக்கில். 32 பிட் சில்லில் 128 என்று எழுதினால் 512 பைட். அதே ஃப்ரீஆர்டாஸை எடுத்து ஈஎஸ்பி32 சில்லுக்குத் தழுவியவர்கள் அதே இடத்தில் பைட் கணக்கை வைத்தார்கள். ஈஎஸ்பி32இல் 4,096 என்று எழுதிப் பழகிய மாணவர், அந்த வரியை அப்படியே எஸ்டிஎம்32எஃப்103சி8 சில்லுக்கு எடுத்துச் சென்றால், ஒரே டாஸ்க்குக்கு 16 கிலோபைட் கேட்டவராகிறார். அந்தச் சில்லின் மொத்த ரேம் 20 கிலோபைட். ஹீப் அவ்வளவு இல்லாவிட்டால் டாஸ்க் பிறக்காது. பிறக்கவில்லை என்று திரும்பி வரும் விடையை மாதிரி நிரலில் யாரும் பார்த்ததில்லை என்பதால் மாணவரும் பார்ப்பதில்லை. விளக்கு எரியவில்லை என்று கம்பியை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருப்பார். அந்தப் பிள்ளைகளின் இரவுகளை எண்ணும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

விருந்தோம்பலிலும் நீ குறை வைத்ததில்லை. பாதுகாப்பான இணைப்புக்கான எம்பெட் டிஎல்எஸ் நூலகம் உள்ளே வருவதற்கு 16 கிலோபைட், வெளியே போவதற்கு 16 கிலோபைட் என்று இரண்டு பஃபர்களை உன் பேரில் விரித்து வைக்கிறது. டிஎல்எஸ் விதிப்படி ஒரு ரெக்கார்டு அவ்வளவு நீளம் வரலாம் என்பதால் விதிக்கு நீ முழு விசுவாசம் காட்டியிருக்கிறாய். அனுப்புவதோ ஒரு வெப்பநிலை எண், ஒரு தேதி, ஒரு சாதனப் பெயர். வெளியே போகும் பஃபரைச் சுருக்குவதில் ஆபத்து இல்லை. என்ன அனுப்புகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. உள்ளே வருவதைச் சுருக்க வேண்டுமானால் எதிர்முனை சர்வரும் சிறிய துண்டுகளாக அனுப்பச் சம்மதிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை உட்கார்ந்து யோசித்துச் செய்தவருக்கு ஒரே மாற்றத்தில் பல கிலோபைட் மிஞ்சும். யோசிக்க நேரமில்லாதவர் ரேம் போதவில்லை என்று பெரிய சில்லுக்கு மாறுகிறார். அதற்கும் சேர்த்து விலை கொடுப்பவர் கருவியை வாங்குபவர்.

பூமியோடு உன் புகழ் நிற்கவில்லை. 2004 ஜனவரி 4இல் ஸ்பிரிட் ரோவர் செவ்வாயின் குசெவ் பள்ளத்தில் இறங்கியது. 128 மெகாபைட் ரேம், 256 மெகாபைட் ஃப்ளாஷ், ராட்6000 செயலி, விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளம். ஜனவரி 21இல், செவ்வாய்க் கணக்கில் 18ஆம் நாள், பேச்சு நின்றது. ஃப்ளாஷில் இருந்த கோப்புகளின் பட்டியலை அதன் கோப்பு அமைப்பு ரேமில் வைத்திருந்தது. ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகளோடு இறங்கிய பிறகு சேர்ந்தவையும் கூட, பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. தனக்கென்று ஒதுக்கிய இடம் தீர்ந்தால் பொது நினைவகத்திலிருந்து வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அமைப்பு மதிப்பு அனுமதித்திருந்தது. கேட்ட நினைவகம் கிடைக்காவிட்டால், இல்லை என்று பதில் சொல்லாமல் கேட்ட டாஸ்க்கையே நிறுத்திவைக்கும்படி இன்னொரு மதிப்பு இருந்தது.

இந்த இரண்டு மதிப்புகளும் சேர்ந்த இடத்தில் 128 மெகாபைட் கணினி மூச்சுத் திணறியது. டாஸ்க் நின்றது, கணினி ரீசெட் ஆனது, எழுந்ததும் ஃப்ளாஷைத் திறக்கப் போனது, திறக்க அதே நினைவகம் வேண்டும், மறுபடி ரீசெட். 60 தடவைக்கு மேல் இப்படியே விழுந்து எழுந்தது. இரவில் தூங்க வேண்டிய ரோவர் தூங்காமல் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஃப்ளாஷைத் தொடாமல் எழுந்திரு என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பித்தான் பொறியாளர்கள் அதை நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பழைய கோப்புகளை அழித்தார்கள். பிப்ரவரியில் ஃப்ளாஷையே புதிதாக வடிவமைத்தார்கள். 90 நாள் வேலைக்காகச் செய்த அந்த வண்டி 2010 மார்ச் வரை பூமியோடு பேசியது. ராக்கெட், பாராசூட், காற்றுப்பை என்று ஆயிரம் கண்டங்களைத் தாண்டிச் சென்ற ஒன்றை ஏறத்தாழ வீழ்த்தியவை இரண்டு அமைப்பு மதிப்புகள். வைத்த இடத்தில் சத்தமில்லாமல் காத்திருக்கும் உன் குலத்து ஆற்றலுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ஸ்பிரிட் ரோவரைச் செய்த ஜேபிஎல் ஆய்வகத்தில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் பாதுகாப்பு முக்கியமான நிரல்களுக்குப் பத்து விதிகள் எழுதினார். தொடக்க வேலைகள் முடிந்த பிறகு புதிதாக நினைவகம் கேட்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. எல்லாவற்றையும் முதலிலேயே கணக்குப் பார்த்து ஒதுக்கிவிடு, போதாது என்றால் அது தரையிலேயே தெரிந்துவிடட்டும் என்று பொருள். எல்லாக் கருவிக்கும் இது பொருந்தாது; ரௌட்டருக்கு நாளை எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் உன்னை நம்பாமல் ஒருவர் எழுதினால் எப்படி எழுதுவார் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

உன் பெருமைகளில் நான் மிகவும் வியப்பது உன் அடக்கம். ஓர் எண்ணை மாற்றிய பொறியாளரின் பெயர் மாற்றக் குறிப்பில் நிற்கும். ஏன் மாற்றினாய், யாரைக் கேட்டு மாற்றினாய், நாளை ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கூட்டத்தில் கேட்பார்கள். மாற்றாமல் விட்டவருக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. கருவி களத்தில் தொங்கினாலும் அவர் பெயர் எங்கும் வராது. உன்னை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு முடிவுதான் என்று யாருக்கும் தோன்றாதபடி செய்திருக்கிறாய். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் களத்தில் இருந்த பெட்டிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை நினைவகம் தீர்ந்து நின்றன. எந்த எண் காரணம் என்று தேட ஆள் ஒதுக்கவில்லை. தினமும் விடியற்காலை 3 மணிக்குத் தானாக ரீபூட் ஆகும்படி ஒரு வரி சேர்த்தார்கள். புகார் குறைந்தது, அந்த வரியை எழுதியவருக்குப் பாராட்டும் கிடைத்தது. விடியற்காலை 3 மணிக்கு அந்தப் பெட்டியை நம்பி விழித்திருப்பவர்களை யாரும் கேட்கவில்லை.

உன் குலத்திலேயே ஒரு நல்ல பிள்ளையும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. அவசரத்துக்கென்று எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நினைவகத்தை லினக்ஸ் கெர்னல் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கிறது. எழுந்தவுடன் இருக்கும் ரேமைப் பார்த்து அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அந்த எண்ணை வைக்கும். 16 மெகாபைட்டுக்கு 512 கிலோபைட், 32க்கு 724, 64க்கு 1,024. இதுவும் டீஃபால்ட்தான், ஆனால் தான் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டு உட்காருகிறது. இதை எழுதியவர் சில வரிகள் கூடுதலாக எழுதியிருப்பார், அவ்வளவே. எஃப்க்யூ-கோடெலின் உச்சவரம்பும், கெர்னல் பதிவுக்கென்று ஒதுக்கும் 128 கிலோபைட்டும் இப்படியே ரேமைப் பார்த்து அமையக்கூடியவைதான். பெரிய இயந்திரத்தில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு அந்தத் தேவை கண்ணில் படுவதில்லை என்பதே என் வருத்தம்.

கண்ணில் படாதவற்றின் வரிசை நீண்டுவிட்டது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரில் 16 மெகாபைட் ரேமோடு லினக்ஸ் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 2005இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு ரேமை 8 மெகாபைட்டாகவும் ஃப்ளாஷை 2 மெகாபைட்டாகவும் குறைத்து விஎக்ஸ்வொர்க்ஸுக்கு மாறியது. குட்டிக் கருவிகளுக்காக மேட் மெக்கால் எழுதிய ஸ்லோப் (எஸ்-எல்-ஓ-பி) என்ற நினைவக ஒதுக்கி 2023இல் 6.4 கெர்னலோடு விடைபெற்றது. பராமரிக்கக் கடினம், பயன்படுத்துவோர் குறைவு என்ற காரணங்களை நான் மறுக்கவில்லை, அதன் இடத்துக்கு, கெர்னலின் வழக்கமான ஒதுக்கியான ஸ்லப்பின் சிறிய வடிவம் ஒன்றும் வந்திருக்கிறது. 4 மெகாபைட் ஃப்ளாஷும் 32 மெகாபைட் ரேமும் உள்ள ரௌட்டர்களுக்கு ஓப்பன்வொர்ட் 19.07 பதிப்போடு கதவு சாத்தப்பட்டது; 21.02 முதல் 8 மெகாபைட் ஃப்ளாஷும் 64 மெகாபைட் ரேமும் வேண்டும். அந்தத் திட்டத்தார் முடிந்தவரை இழுத்துப் பிடித்தவர்கள். ஒவ்வொரு கெர்னலிலும் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக, இதெல்லாம் ஓர் அளவா என்று சேர்த்துக்கொண்டே வந்ததில் அவர்கள் பிடி தளர்ந்தது. ரேடியோ நன்றாக இருக்கும், சில்லு நன்றாக இருக்கும், அடாப்டர் நன்றாக இருக்கும். அப்படிப்பட்ட பெட்டிகள் குப்பைக்குப் போயின. இந்த வரிசையில் உன் பங்கை உனக்குக் கொடுக்காமல் விடமாட்டேன்.

வாழ்த்து மடலின் முடிவில் வந்திருப்போரைப் பார்த்து இரண்டு சொல் சொல்வது வழக்கம். சிறிய கருவிகளுக்கு நிரல் எழுதும் தோழர்களே, உங்கள் கருவியை ஒரு வாரம் வேலையோடு ஓடவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். எழுந்த உடனே எடுக்கும் கணக்கு எதையும் காட்டாது. லினக்ஸாக இருந்தால் ஸ்லாப் கணக்கும் காலிப் பக்கங்களின் கணக்கும் புரோக் அடைவிலேயே இருக்கின்றன. ஃப்ரீஆர்டாஸாக இருந்தால் ஒவ்வொரு டாஸ்க்கும் ஸ்டேக்கில் எவ்வளவு ஆழம் போனது என்பதைக் கேட்டுப் பெற ஒரு ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. க்யூவை நிரப்பிப் பாருங்கள், நினைவகத்தை வேண்டுமென்றே தீர்த்துப் பாருங்கள், அப்போது எது விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எண்ணை மாற்றுங்கள். டீஃபால்ட்டே சரி என்று தெரிந்தால் மாற்றாமல் விடுங்கள். எதைச் செய்தாலும் அந்த எண்ணின் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: எந்தக் கருவியில், எந்தத் தேதியில், எவ்வளவு அளந்து இதை வைத்தோம் என்று.